பத்து வாரமாக இறங்கப் பழகுகிறோம்

காரைக்குடிப் பக்கத்தில் எங்கள் ஊர்க் கபடி டீமுக்கு வேலை முடிந்த சாயங்காலங்களில் நான்தான் பயிற்சி கொடுக்கிறேன். போன சீசனில் மூன்று பையன்களுக்குத் தொடையின் பின்சதை பிடித்துக்கொண்டது. ஒருவனுக்கு போனஸ் கோட்டைத் தொடக் காலை நீட்டியபோது, இன்னொருவனுக்குக் கணுக்காலைப் பிடித்த பிறகு நடுக்கோட்டுக்கு எம்பியபோது, மூன்றாமவனுக்கு ஓடி வந்து சட்டென்று நின்றபோது. மூன்றிலும் சதை நீண்டுகொண்டே தாங்க வேண்டியிருந்தது, அதற்கு நான் அவர்களைப் பழக்கவே இல்லை.

குன்றக்குடி மலைப்படியில் ஓடி ஏறுவோம், பேசிக்கொண்டே இறங்குவோம். பஸ்கி எடுத்தாலும் எழுந்தால்தான் ஒன்று, இரண்டு என்று எண்ணுவோம், உட்காருவதற்குக் கணக்கே கிடையாது. நீண்டுகொண்டே தாங்கும் இந்த வேலையைத்தான் எக்சென்ட்ரிக் என்கிறார்கள். நிறைந்த வாளியைக் கிணற்றிலிருந்து இழுப்பது ஒன்று, அதே வாளியைக் கயிறு நழுவாமல் மெதுவாக உள்ளே இறக்குவது இன்னொன்று. தூக்க முடியாத பாரத்தைக்கூட சதையால் மெதுவாக இறக்க முடியும், அதற்கு மூச்சுச் செலவும் குறைவு. 1952இல் அப்பாட், பிக்லண்ட், ரிச்சி என்ற மூன்று ஆய்வாளர்கள் இரண்டு சைக்கிளை எதிரெதிராக வைத்து ஒரே செயினில் பூட்டி, ஒருவர் மிதிக்க மற்றவர் அந்த பெடலை எதிர்த்துப் பிடிக்கும்படி செய்து பார்த்தார்கள். எதிர்த்துப் பிடித்தவருக்கு ஆக்சிஜன் மிகக் குறைவாகவே தேவைப்பட்டது.

இப்படிப் பின்சதையைப் பழக்க நாங்கள் எடுத்துக்கொண்டது நார்டிக் ஹாம்ஸ்ட்ரிங் என்ற பயிற்சி. ஹாம்ஸ்ட்ரிங் என்றால் தொடையின் பின்சதைதான். பழைய வீடு ஒன்றின் முகப்பில் ஆச்சி இடம் கொடுத்தார். ஆத்தங்குடி கல் தரை முட்டியை வலிக்கவைக்கும், அதனால் சமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் மண்டியிட வேண்டும், பின்னால் ஒருவன் கணுக்காலை அழுத்திப் பிடிக்க வேண்டும், அப்புறம் முட்டியிலிருந்து தோள்வரை ஒரே கோடாக வைத்துக்கொண்டு, இடுப்பை மடக்காமல், முன்பக்கம் எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சாய வேண்டும். தாங்க முடியாத இடம் வந்ததும் கையை ஊன்றிக்கொள்ளலாம். முதல் நாள் பார்த்துவிட்டு ஆச்சி, "ஏன்டாப்பா, பிள்ளைகளை இப்படி முகங்குப்புற விழவைக்கிறே?" என்று பதறிப்போனார்.

முதல் நாளே பத்துப் பத்தாக மூன்று சுற்று கொடுத்தேன், அது என் தப்பு. அடுத்த நாளைவிட இரண்டாம் நாள்தான் வலி உச்சம், ஒருவன் திண்ணையில் உட்காரக்கூடத் தூணைப் பிடித்துக்கொண்டான். இதற்கென்றே உள்ள பத்து வார அட்டவணையில் முதல் வாரம் ஒரே நாள், ஐந்து ஐந்தாக இரண்டு சுற்றுதான். வலி அடங்க ஒரு வாரம் விட்டு, அதன்படி முதலிலிருந்து ஆரம்பித்தோம். ஒருமுறை வலி கண்ட சதை அடுத்த முறை அந்த அளவுக்கு வலிப்பதில்லை என்பதைக் கண்ணால் பார்த்தேன்.

ஊருணிப் படியில் ஒற்றைக்காலில் நின்று, மற்றக் காலைக் கீழ்ப்படிக்கு நான்கு எண்ணி இறக்குவதையும் சேர்த்தோம். மழைக்குப் படி பாசி பிடித்ததும் அதைத் திண்ணைப் படிக்கு மாற்றினோம்.

எங்கள் ரெய்டர் தம்பியைப் பக்கவாட்டில் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். முதல் வாரம் இரண்டு நொடியில் பொத்தென்று விழுந்தவன், பத்தாவது வாரம் ஐந்து நொடி தாங்குகிறான். பின்சதை நடுங்குவது படத்திலேயே தெரிகிறது, ஆனால் இடுப்பு மடங்கவில்லை. களத்தில் ஓடிவந்து விசிலுக்கு நிற்க நாலைந்து அடி எடுத்தவன் இப்போது மூன்றில் நிற்கிறான். "அண்ணே, கால் நம்ம சொல்றதைக் கேக்குதுண்ணே" என்றான். இதுவரை யாருக்கும் பின்சதை பிடிக்கவில்லை. ஏழு பேரை வைத்து அடித்துச் சொல்லமாட்டேன், ஆனால் டென்மார்க்கில் 942 கால்பந்து வீரர்களை வைத்துச் செய்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், இந்தப் பயிற்சி செய்தவர்கள் பக்கம் 15 காயம், செய்யாதவர்கள் பக்கம் 52. நான் இதை நம்புகிறேன்.

மேட்சுக்கு முந்தைய இரண்டு நாள் தொடுவதே இல்லை. இனி சீசன் முழுக்க வாரம் ஒரு நாள் மட்டும். சிமெண்ட் சாக்கில் பாதிக்குச் செம்மண் கட்டித் திண்ணைக்கடியில் வைத்திருக்கிறேன், படி இறங்கும்போது தோளில் தூக்க.