நிதி திரட்ட மாடிஃபைடு கார் க்ரூஸ்: நாங்க நடத்தி முடிச்ச விதம்

ஒரு அறக்கட்டளைக்காக க்ரூஸ் (மாடிஃபை பண்ண கார்லாம் சேர்ந்து ஒரே ரூட்ல போற ட்ரைவ்) போலாம்னு குரூப்ல பேச்சு வந்ததும் எல்லாரும் ஸ்டிக்கர் டிசைனைப் பத்திதான் பேச ஆரம்பிச்சாங்க. ஸ்டிக்கர் ஒரு சாயங்காலத்துல முடிஞ்சிடுச்சு, மிச்ச வேலை பூரா பர்மிஷன், ரூட், பணம் இந்த மூணுதான்.

முதல்ல அறக்கட்டளைகிட்ட போனோம். அவங்க கேட்ட முதல் கேள்வி "இது ரேஸா?" அப்படின்னு. அவங்க கேட்டதுல தப்பில்ல, நம்ம வண்டிங்க சத்தம் அப்படி. டைமிங் கிடையாது, முதல்ல வந்தவருக்கு பரிசு கிடையாது, சாதாரண டிராஃபிக்லதான் போவோம்னு எழுதிக் கொடுத்ததுக்கு அப்புறம்தான் அவங்க பேரையும் லோகோவையும் போட்டுக்கலாம்னு லெட்டர் தந்தாங்க. அந்த லெட்டர் இருந்ததாலதான் நாங்க வாடகைக்குக் கேட்ட கிரவுண்டுக்காரரும் போலீஸும் நின்னு பேசினாங்க. போலீஸுக்கு தேதி, ரூட், சுமாரா எத்தனை வண்டி, யாரை கூப்பிடணும் எல்லாம் எழுத்துல கொடுத்தோம், அவங்க கவலை எல்லாம் எக்ஸாஸ்ட் சத்தம்தான். டெசிபல் கணக்குல 10 ஏறினாலே காதுக்கு ரெண்டு மடங்கு மாதிரி கேக்கும், அதனால பர்னவுட் (நின்ன இடத்துலயே டயரை சுத்தவிட்டு புகை கிளப்பறது), டூ ஸ்டெப் (எக்ஸாஸ்ட்ல பட் பட்னு வெடிக்க விடறது), சும்மா நின்னுட்டு ஆக்ஸிலரேட்டரை அமுக்கி உறும விடறது எதுவும் கூடாது, பண்ணா வார்னிங் இல்லாம வெளியன்னு ரூல் போட்டோம். சில பேர் மூஞ்சைத் தூக்கி வெச்சுக்கிட்டாங்க, பரவால்ல.

மாடிஃபிகேஷனை இன்ஷூரன்ஸ்ல சொல்லாம விட்டிருந்தா க்ளெய்ம் தர மாட்டோம்னு சொல்ல வாய்ப்பு இருக்கு, அதனால சொல்லியிருந்த வண்டியை மட்டும்தான் சேர்த்தோம்.

ரூட்டை முடிவு பண்றது நீங்க இல்ல, குரூப்லயே தாழ்ந்த வண்டிதான். ஏர் சஸ்பென்ஷன் வெச்சவன் பட்டனை அமுக்கி தூக்கிப்பான், காயில்ஓவர்ல (டூல் வெச்சு உயரத்தை செட் பண்ற ஸ்பிரிங் சஸ்பென்ஷன்) இறக்கினவனுக்கு அந்த வசதி இல்லல்ல. அதனால ட்ரையல் ரன்னுக்கு அந்த மாதிரி வண்டியைத்தான் எடுத்துட்டுப் போனோம், அதுவும் க்ரூஸ் நடக்கப்போற அதே கிழமை அதே நேரத்துல. ஸ்பீட் பிரேக்கர் மட்டும் இல்ல, பெட்ரோல் பங்க் உள்ள நுழையற சரிவுலயும் முன் பம்பருக்கு அடில நீட்டிட்டு இருக்கற ஸ்ப்ளிட்டர் உரசும், குறுக்கா ஏத்தணும். ஊருக்குள்ள ஊர்ந்து போற ரோடு எல்லாத்தையும் வெட்டிட்டோம், ஏன்னா ரேடியேட்டருக்கு முன்னாடி பெரிய இன்டர்கூலர் (டர்போ அனுப்பற சூடான காத்தை குளிர வெக்கறது) வெச்ச டர்போ வண்டிக்கு மெதுவா போறப்ப காத்து பத்தாது, டெம்பரேச்சர் ஏறிக்கிட்டே போகும், ஹெவி க்ளட்ச் போட்டவனோட இடது கால் என்ன ஆகும்னு தனியா சொல்ல வேணாம்.

எல்லாரையும் ஒரே கான்வாயா அனுப்பவே அனுப்பாதீங்க. ஒரு சிக்னல் விழுந்தா பாதி பேர் அந்தப் பக்கம் பாதி பேர் இந்தப் பக்கம், அப்புறம் யாரோ ஒரு ஹீரோ ஜங்ஷன்ல வண்டியை குறுக்க நிறுத்துவான், பேர் கெட்டுடும். சின்ன சின்ன பேட்ச்சா கொஞ்சம் இடைவெளி விட்டு அனுப்பினோம். ஒவ்வொரு பேட்ச்சுக்கும் ரூட் தெரிஞ்ச லீட் கார், கடைசி கார், ரெண்டுலயும் வாக்கி டாக்கி. திரும்பற இடத்துல பின்னாடி வர்றவன் உங்களைப் பாத்துட்டான்னு தெரிஞ்சாத்தான் திரும்பணும். மேப் லிங்க்கை நம்பாம திருப்பம் திருப்பமா ரூட்டை பிரிண்ட் போட்டுக் கொடுத்தோம், மேப் குறுக்கு வழின்னு எங்கயாவது மண் ரோட்டுல இறக்கிடும்.

எல்லாருக்கும் பின்னாடி ஒரு ஸ்வீப் கார். அதுல லோ ப்ரொஃபைல் ஜாக் கட்டாயம் இருக்கணும், சாதாரண ஜாக் இந்த வண்டிங்களுக்கு அடில நுழையவே நுழையாது. டோ ஸ்ட்ராப், கூலன்ட், தீயணைப்பான், பஞ்சர் கிட்டும் வெச்சோம். நிறைய பேர் எடையைக் குறைக்கறேன்னு ஸ்டெப்னியை கழட்டி வீட்டுல போட்டுட்டு வருவாங்க, பக்கத்து வண்டில வாங்கி மாட்டலாம்னா ஒண்ணு 4x100 (நாலு போல்ட், 100 மி.மீ. வட்டம்) இன்னொண்ணு 5x114.3, போல்ட் பேட்டர்னே சேராது. வீல் திருட்டு போகாம இருக்க லாக்கிங் நட் போட்டிருந்தா அதோட சாவியை க்ளவ் பாக்ஸ்ல வெச்சிருக்கீங்களான்னு கிளம்பறதுக்கு முன்னாடியே ஒவ்வொருத்தரையா கேட்டோம்.

பணத்துல நாங்க கையே வெக்கல. என்ட்ரி ஃபீஸ் தலைக்கு இல்ல, வண்டிக்கு இவ்வளவுன்னு, நேரா அறக்கட்டளை அக்கவுன்ட்டுக்கு, ரசீது காட்டினாத்தான் ஸ்டிக்கர். கிரவுண்ட் வாடகை, பிரிண்டிங் செலவுக்கு தனியா ஸ்பான்சர் பிடிச்சோம், அந்தக் காசும் இந்தக் காசும் கலக்கவே இல்ல. உண்டியலை சீல் வெச்சு அவங்க ஆள் முன்னாடிதான் திறந்து எண்ணினோம். மொத்த தொகைக்கான ரசீதை குரூப்ல போட்டதும் "எங்க போச்சு பணம்"னு ஒருத்தரும் கேக்கல.

அடுத்த தடவை பைக்கையும் சேர்க்கலாம்னு சில பேர் சொல்றாங்க. பிரேக் தூரம் வேற, ஓவர்டேக் பண்ற விதம் வேற, அதுக்கு தனியா ரைடு வெச்சுக்கோங்கன்னு சொல்லிட்டேன்.