நிறுத்திய மாத்திரை

மருந்தாளுநராக வார்டுக்குப் போன புதிதில், மிதமிஞ்சி ஓடும் இதயத்துடிப்பை அடக்கும் அடினோசின் ஊசி போடுவதை முதல்முறை பார்த்தேன். நோயாளியின் துடிப்பு நிமிடத்துக்கு 180. 6 மில்லிகிராமைச் சட்டென்று ஏற்றி, பின்னாலேயே சலைனைத் தள்ளினார்கள். மானிட்டரில் கோடு சில நொடிகள் அப்படியே படுத்துவிட்டது. அவரைவிட நான்தான் அதிகம் நடுங்கியிருப்பேன். அப்புறம் துடிப்பு 80க்கு வந்தது. ரத்தத்தில் அந்த மருந்தின் அரை ஆயுள், அதாவது அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், 10 நொடிக்கும் குறைவு. மெதுவாக ஏற்றினால் இதயத்தை எட்டுமுன்பே கரைந்துபோகும்.

இதயத்துடிப்பைச் சீராக்கும் இன்னொரு மருந்தான அமியோடரோன் நேரெதிர். கொழுப்பிலும் கல்லீரலிலும் நுரையீரலிலும் போய்க் குடியேறிவிடும். அந்த இடங்களையெல்லாம் நிரப்பத்தான் முதல் சில வாரங்கள் பெரிய அளவில் கொடுக்கிறார்கள். குடியேறியது கிளம்பவும் அவசரப்படாது. அரை ஆயுள் சராசரியாக 58 நாள், சிலருக்கு 100 நாளுக்கும் மேல்.

இதையெல்லாம் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான் நான். இருந்தும், ஒரு பெரியவருக்கு மருத்துவர் டிஜாக்சின் என்ற இதய மருந்தை எழுதியபோது, அவர் அப்போது சாப்பிட்டுவந்த மருந்துகளின் பட்டியலை மட்டும் பார்த்தேன். எதோடும் மோதவில்லை. சரி என்று கையெழுத்துப் போட்டேன். பத்து நாளில் குமட்டலோடு திரும்பி வந்தார். சாப்பாடு இறங்கவில்லை, நாடி 44. ரத்தத்தில் டிஜாக்சின் எகிறியிருந்தது.

மூத்த மருத்துவர் பழைய கேஸ் ஷீட்டைப் புரட்டினார். தைராய்டு கெட்டதால் போன மாதம் அமியோடரோனை நிறுத்தியிருந்தார்கள். அதிலுள்ள அயோடின் செய்கிற வேலை அது.

"காகிதத்தில் நிறுத்தியாச்சு. உடம்பில்?" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

டிஜாக்சினைச் சிறுநீரகமும் குடலும் வெளியே தள்ள ஒரு புரதம் பம்பு போல உதவுகிறது. அமியோடரோன் அந்தப் பம்பைத் தடுத்துவிடும். அதனால் டிஜாக்சினைப் பாதியாகக் குறைக்க வேண்டும். முழு அளவு கொடுத்தோம்; அது உள்ளேயே சேர்ந்துவிட்டது.

டிஜாக்சினை நிறுத்தினோம், சில நாளில் தேறினார். பிறகு பாதி அளவில் தொடங்கினார்கள். ஆனால் பழைய அமியோடரோன் வெளியேற வெளியேற அந்தப் பாதி போதாமல் போகலாம். அதனால் மாதக்கணக்கில் ரத்தப் பரிசோதனை.

இப்போதெல்லாம் "என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்பதோடு, "ஆறு மாதத்துக்குள் எதை நிறுத்தினீர்கள்?" என்றும் கேட்கிறேன். "நிறுத்தினதை எதுக்குக் கேக்கறீங்க?" என்று பலர் முறைக்கிறார்கள். உட்கார்ந்து சொல்ல நேரம் இருந்தால் சொல்கிறேன்.