எப்போது கண்ட கப்பல்?

இன்று காலை திருகோணமலை உட்துறைமுக வீதித் தேநீர்க் கடையில், "வெளிநாட்டுப் போர்க்கப்பல் வருகுதாம், உளவுத் தகவலாம்" என்று கைபேசியைக் காட்டிய மீன்காரர் ஐயா, காணொளி முடியுமுன்பே எழுந்து வாசலில் நின்று கடலைப் பார்த்தார்.

இரண்டு வள்ளங்கள் மட்டுமே தெரிந்தன.

1942 ஏப்ரல் 8 அன்று ரோந்து விமானம் ஒன்று ஜப்பானியக் கடற்படையைக் கண்டு எச்சரித்ததால், பிரித்தானியாவின் ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் அன்றிரவே இத்துறைமுகத்தை விட்டு வெளியேறியது. மறுநாள் இங்கே குண்டுகள் விழுந்தபோது அது தப்பியிருந்தது. ஆயினும், திரும்பும் வழியில் மட்டக்களப்புக்கு அப்பால் எதிரியின் வேவு விமானத்தின் கண்ணில் பட்டு, 300க்கும் மேற்பட்ட உயிர்களுடன் மூழ்கியது. அதில் ஒரு போர் விமானம்கூட (விமானந்தாங்கிதான்!) அப்போது இருக்கவில்லை.

எச்சரிக்கை பொய்யன்று, அதன் ஆயுள்தான் சில மணி நேரம்.

ஐயா திரும்பி வந்து ஆறிய தேநீரை எடுத்தார்.

"எப்ப கண்டதெண்டு சொல்லேல்லையே, தம்பி."