வட்டிக்காரருக்கு எதிரான தீர்ப்பு

சினிமாவில் அயர்லாந்து என்றாலே பச்சைப் புல்வெளி, மதுக்கடை, பாட்டு. 1952இல் ஜான் ஃபோர்டு எடுத்த 'தி குவாயட் மேன்' ஒரு நல்ல உதாரணம். அழகுதான், சரி. எனக்கு அதைவிடப் பிடித்தது கென் லோச்சின் 'தி விண்ட் தட் ஷேக்ஸ் த பார்லி' (2006).

கதை 1920இல், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து அயர்லாந்து போராடிக்கொண்டிருந்தபோது, அதன் தெற்கே உள்ள கார்க் பகுதியில் தொடங்குகிறது. சண்டைக் காட்சிகளைவிட எனக்கு மறக்காதது ஒரு வழக்கு. பிரிட்டிஷ் நீதிமன்றத்தை ஒதுக்கிவிட்டு, விடுதலைக்குப் போராடும் குடியரசுவாதிகள் தாங்களே நடத்தும் நீதிமன்றம். நீதிபதி ஒரு பெண். ஏழைக் கிழவியிடம் அநியாய வட்டி வாங்கிய வியாபாரிக்கு எதிராகத் தீர்ப்பு வருகிறது. உடனே போராளிகளின் தலைவன் டெடி அந்த ஆளை வெளியே கூட்டிப்போய்விடுகிறான். ஆயுதம் வாங்கப் பணம் தருபவர் ஆயிற்றே! விடுதலை வந்தால் நாடு யாருக்கு என்ற சண்டை அந்த அறையிலேயே வெடித்துவிடுகிறது. அப்புறம் பிரிட்டனுடன் 1921 டிசம்பர் ஒப்பந்தம் வந்ததும் அதை ஏற்கும் அண்ணன் டெடி ஒரு பக்கம், ஏற்காத தம்பி டேமியன் எதிர்ப்பக்கம்.

(டேமியனாக வரும் கிலியன் மர்ஃபி கார்க்கிலேயே பிறந்தவர். பேச்சில் அந்த ஊர் வாடை அசலாக இருக்கும்.)

கான் திரைப்பட விழாவில் முதல் பரிசான தங்கப்பனை விருதை வாங்கிய படம்; பிரிட்டன் பத்திரிகைகள் சில திட்டித் தீர்த்தன. முடிவை நான் சொல்லமாட்டேன், பார்த்தவர்கள் கமெண்டில் உடைத்துவிடாதீர்கள்.