15 வயது எக்ஸ்எல், 5 வருடச் சான்று

எங்கள் பட்டறை இருப்பது நிலக்கோட்டை பக்கம். பூ மார்க்கெட்டுக்குப் போகிற பாதை என்பதால், வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் டிவிஎஸ் எக்ஸ்எல் சூப்பர்தான். 2005, 2008 மாடல்கள். விடியுமுன்னே மல்லிகை மூட்டையோடு கிளம்பி, மதியம் புல்லுக்கட்டோடு வீடு திரும்பும் வண்டிகள். “ஆர்.சி. முடியப் போகுது தம்பி, எஃப்.சி. காட்டணும், என்ன பண்ணணுமோ பண்ணி வை” என்று சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிடுவார்கள்.

சொந்த வண்டியின் பதிவு 15 வருடம் செல்லும். அப்புறம் ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியை நிறுத்தி, பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்து, ஒவ்வொரு தடவையும் 5 வருடம் நீட்டிப்பார்கள். இரு சக்கர வண்டிக்கு 300 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 1,000 ஆனது. 2025 ஆகஸ்டில், 20 வருடம் தாண்டியதற்கு 2,000 என்று ஆக்கினார்கள். பசுமை வரி தனி. புதுப்பிக்காமல் விட்டுவிட்டால் மாதத்துக்கு 300 ரூபாய் வீதம் ஏறும். இத்தனையும் கட்டி, வண்டி பாஸ் என்று தெரிந்ததும் உரிமையாளர் முகத்தில் ஒரு நிம்மதி வரும். இனி 5 வருடத்துக்கு வண்டி நல்ல வண்டி என்று அவர் எடுத்துக்கொள்கிறார். எனக்கு உதறல் எடுப்பது அங்கேதான்.

ஆபீசில் என்ன பார்க்கிறார்கள்? முதலில் சேஸிஸ் நம்பர். அதைப் பென்சிலால் தேய்த்து எடுத்து விண்ணப்பத்தோடு ஒட்ட வேண்டும். பழைய வண்டியில் நம்பர் இருக்கும் இடம் துருவேறிக் கிடக்கும். உப்புத்தாள் போட்டு அழுத்தித் தேய்த்தால் துருவோடு எண்ணும் போய்விடும். மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு, துணியால் பொறுமையாகத் துடைத்தால்தான் தப்பிக்கும். அப்புறம் ஹெட்லைட், ஹாரன், பிரேக் லைட், கண்ணாடி, நம்பர் பிளேட், டயர். டயர் பட்டன் இரு சக்கர வண்டிக்கு 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. கடைசியாக ஒரு சின்ன ஓட்டம், பிரேக் பிடித்துக் காட்டல். எங்கள் பக்கத்தில் மொபெட்டுக்குக் கண்ணும் கையும்தான் கருவி. நிற்கிற வரிசையைப் பார்த்தால் இன்ஸ்பெக்டரைக் குறை சொல்லவும் மனசு வராது.

கையே போதும் என்று காட்டிய ஒருவரும் உண்டு. ஓய்வுக்குப் பக்கத்தில் இருந்த இன்ஸ்பெக்டர். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுவார். ஹேண்டிலைத் திருப்ப உதவும் கோன் செட் தேய்ந்திருந்தால் ஹேண்டில்பாரில் ஒரு ‘டக்’ கேட்கும். பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைப்பார், பேரிங் சொல்லிவிடும். ஓட்டிப் பார்க்காமலே பாதி வண்டியைப் படித்துவிடுவார். அவர் இருக்கும் நாள் என்றால் பட்டறைகளில் வேலை ஒழுங்காக நடந்தது என்பது ஊரறிந்த விஷயம்.

அவராலும் பார்க்க முடியாத இடம் ஒன்று உண்டு. டிரம் பிரேக்கின் உள்புறம்.

எக்ஸ்எல்லுக்கு இரண்டு சக்கரத்திலும் டிரம்தான். உள்ளே இரண்டு பிரேக் ஷூ, அதன் மேல் லைனர் என்கிற உரசும் பட்டை. நடுவில் ஷூவை விரிக்கும் கேம் என்ற இரும்புத் துண்டு. வெளியே இருக்கும் ஆர்ம் அதைத் திருப்பினால் ஷூ விரிந்து டிரம்மை உரசும். லைனர் தேயத் தேயக் கேம் கூடுதலாகத் திரும்ப வேண்டும். அட்ஜஸ்ட்மென்ட் நட் தீர்ந்துவிட்டது என்றால் ஷூ மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். ஆனால் பலர் ஆர்மைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். பெடல் மேலே வந்துவிடும், பிரேக் கச்சிதமாகப் பிடிக்கும். ஆபீஸ் மைதானத்தில் மெதுவாக ஓட்டிப் பார்க்கும்போது அது அருமையான பிரேக். உள்ளே கேமோ தன் எல்லைக்கு வந்து நிற்கிறது. பாரத்தோடு இறக்கத்தில் அழுத்தி மிதித்தால், கேம் முழுதாகத் திரும்பி, ஷூ விரிந்தபடியே சிக்கிக்கொள்ளும். சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி இழுக்கும்.

இன்னொன்று, பசை விட்ட லைனர். வருடக்கணக்கில் வெயிலிலும் தண்ணீரிலும் கிடந்த ஷூவில், லைனர் தடிமனாகவே இருக்கும். ஒட்டிய பசைதான் செத்திருக்கும். ஒருநாள் அப்படியே தோலுரிந்து டிரம்முக்குள் உருளும். இதை வெளியிலிருந்து கண்டுபிடிக்க எந்த இன்ஸ்பெக்டராலும் முடியாது. அதனால் ஆர்.சி. வேலைக்கு வரும் வண்டி எதுவானாலும் நான் இரண்டு சக்கரத்தையும் கழற்றிவிடுவேன். ‘லைட்டு கண்ணாடி போதும்’ என்பவரிடம் இதற்குக் கூலி வாங்குவது தனிப் போராட்டம்.

முன் பிரேக் கதை வேறு. பூ வியாபாரிகள் பலர் அதைத் தொடுவதே இல்லை. பிடித்தால் குப்புற விழுவோம் என்ற பயம். கேபிளைத் தளர்த்தியே வைத்திருப்பார்கள். ஆபீசுக்குப் போகும் அன்று இறுக்கி, வந்ததும் மறுபடி தளர்த்தச் சொன்னவர்கள் உண்டு. சண்டை போட்டிருக்கிறேன்.

புகைச் சான்று சமாச்சாரமும் இதே குணம்தான். 2000-க்குப் பிறகு வந்த டூ-ஸ்ட்ரோக் வண்டி ஐடிலிங்கில், அதாவது நின்ற இடத்தில் இன்ஜின் ஓடும்போது, கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 6,000 பி.பி.எம். தாண்டக் கூடாது. அதற்கு முந்தைய வண்டிக்கு 4.5 சதவீதம், 9,000. பெட்ரோலில் கலக்கும் ஆயிலைக் கைப்போக்கில் ஊற்றுவதுதான் பாதிப் புகைக்குக் காரணம்; புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் போர்ட்டில் கட்டிய கரி மீதிக்கு. கரி சுரண்டி, ஆயில் அளவைச் சரிசெய்தால் பெரும்பாலும் தேறிவிடும். இந்தப் பழைய வண்டிகளுக்குச் சான்று 6 மாதம்தான் செல்லும். புகைக்கு 6 மாதம், பிரேக்குக்கு 5 வருடம்! யார் யோசித்த கணக்கோ.

பெயின்ட் விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதக்காரன். ஆபீசுக்குப் பளபளவென்று போக வேண்டும் என்று சிலர் முதலிலேயே சேஸிஸுக்குக் கறுப்பு அடித்துவிட்டு வருவார்கள். ஷாக் அப்சார்பர் மாட்டியிருக்கும் இடத்திலும், கேரியர் வெல்டிங் வைத்த இடத்திலும் மயிரிழை போல விரிசல் விட்டிருக்கும். துருக்கோடு தெரிந்தால் கண்டுபிடிக்கலாம்; பெயின்ட் அதை மூடிவிடும். நான் பார்த்து முடித்த பிறகு எந்தக் கலர் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளட்டும். டயரும் அப்படித்தான். பட்டன் நிறைய இருக்கும், ரப்பர் கல்லாகியிருக்கும். பக்கத்தில் நான்கு இலக்கம் அச்சிட்டிருப்பார்கள். 2314 என்றால் 2014-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம். அதைப் படித்துக் காட்டினால், “அட, இன்னும் பட்டன் இருக்கேப்பா” என்பார்கள்.

வாடகைச் சாமான் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி, ஹாரன், ஏன், நல்ல டயர் மாட்டிய சக்கரம்கூட ஒரு நாளைக்குக் கொடுத்து வாங்கும் கடைகள் உண்டு. சாயங்காலம் பழையதே திரும்ப ஏறிவிடும். காகிதத்தில் ஒரு வண்டி, ரோட்டில் வேறு வண்டி.

இப்போது நான் செய்வது, புகைச் சான்று எடுக்க வரும்போதே சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிடுவது. ஷூ மாற்றினால் மாதமும் வருடமும் டிரம் மூடியின் உள்பக்கம் மார்க்கரால் எழுதிவைப்பேன். அடுத்துத் திறப்பவன் யாராக இருந்தாலும் தெரியட்டும். பால்காரர்கள் ஒழுங்காக வருகிறார்கள். தினமும் ஓட்டுகிறவர்கள், வண்டி நின்றால் பிழைப்பு நின்றுவிடும். பூக்காரர்களை முகூர்த்த சீசன் முடிந்தால்தான் பிடிக்க முடியும்.

சிக்கல் இப்போது சாமானில். எக்ஸ்எல் 100 வந்த பிறகு பழைய சூப்பருக்குக் கம்பெனி ஷூ எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. பெயரில்லாத பெட்டியில் பாதி விலைக்கு வருவது தாராளமாகக் கிடைக்கிறது. சிலது நன்றாகவே உழைக்கிறது, சிலது ஒரு மழைக்கே பசை விடுகிறது. பெட்டியைப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய எனக்கு வழி தெரியவில்லை. அதனால் அப்படிப்பட்ட ஷூ போட்ட வண்டியை மட்டும் மூன்று மாதத்திலேயே திரும்ப வரச் சொல்லிப் பிரித்துப் பார்க்கிறேன், கூலி வாங்காமல்.