எடை குறைந்த வண்டிதான் என் கட்சி

கார் பைத்தியம் என்று பெயர் வாங்கிவிட்டால் வீட்டு விசேஷங்களில் இரண்டு கேள்விகளிலிருந்து தப்பவே முடியாது. மைலேஜ் எவ்வளவு கொடுக்கும் என்பது சித்தப்பாக்கள் தரப்பு. நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட எத்தனை செகண்ட் என்பது இளவட்டங்கள். போன வாரம் ஒரு வளைகாப்பில் தம்பி முறை ஆகும் பையன் ஒருவன், இலையில் உட்காரும் முன்பே போனை நீட்டி ரிமாக் நெவேரா என்ற மின்சாரக் கார் ஓடுவதைக் காட்டினான். 1,914 குதிரைத்திறன், நூறைத் தொட 2 செகண்ட்கூட ஆகாது. "இதுக்கு மேல என்னண்ணா வேணும்?" என்றான். எடை எவ்வளவுடா என்று கேட்டேன். தேடிப் பார்த்தான், 2 டன்னுக்கு மேல். சரி, சாப்பிடலாம் வா என்றேன்.

பொறாமை என்று நினைத்திருப்பான். அதுவும் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் நேர்கோட்டு வேகம் இப்போது சுலபமாகக் கிடைக்கிற சமாச்சாரம் ஆகிவிட்டது. பெரிய பேட்டரி, நாலு மோட்டார், முடிந்தது. வளைவில் வண்டியைத் திருப்புவதும் திருப்பியதை நிறுத்துவதும்தான் ஓட்டுபவனுக்கு உண்டான வேலை, அங்கே எடை பொய் சொல்லாது. எடை இரண்டு மடங்கானால் அதே வேகத்திலிருந்து நிறுத்த பிரேக் விழுங்க வேண்டிய வெப்பமும் இரண்டு மடங்கு. எந்த சாஃப்ட்வேராலும் இதை மாற்ற முடியாது.

1996இல் வந்த லோட்டஸ் எலீஸ் வெறும் 725 கிலோ. அலுமினியத் துண்டுகளை வெல்டிங் இல்லாமல் பசை போட்டு ஒட்டிச் செய்த அடிச்சட்டம், பின்னால் ஒரு சாதாரண 1.8 லிட்டர் இன்ஜின், அவ்வளவுதான். அதே லோட்டஸ் இன்று விற்கும் எலெட்ரே என்ற மின்சார எஸ்யூவி கிட்டத்தட்ட 2.5 டன். மூன்று எலீஸைத் தராசின் ஒரு தட்டில் வைத்தாலும் இன்னும் நாலு ஆள் ஏற வேண்டியிருக்கும் போல. பாதுகாப்புக்காகக் கூடிய எடையைக் குறை சொல்ல மாட்டேன், ஏர்பேக் வேண்டும்தான். ஆனால் மாஸ்டாவைப் பாருங்கள். 1989இல் சிகாகோ கார் கண்காட்சியில் காட்டிய மியாட்டா என்ற ரெண்டு சீட் கார் 1.6 லிட்டர், 115 குதிரைத்திறன் சொச்சம், 1 டன்னுக்கும் குறைவு. 2015இல் வந்த நாலாம் தலைமுறையும், அத்தனை ஏர்பேக்கையும் சேர்த்துக்கொண்டு, அந்த 1 டன்னை ஒட்டியேதான் நிற்கிறது. மனசு இருந்தால் முடியும் என்றுதானே அர்த்தம்?

அப்புறம் கியர். 2013இல் போர்ஷ் தன் 911 காரின் பந்தய ரகமான ஜிடி3யை ஆட்டோமேட்டிக் இரட்டை கிளட்ச் கியர் பெட்டியோடு மட்டும் கொடுத்தது. பந்தயத் தடத்தை ஒரு சுற்று சுற்றும் நேரக் கணக்கில் அது சரிதான், மனிதக் கையால் அந்த வேகத்தில் கியர் மாற்ற முடியாது. பழைய ஆட்கள் முணுமுணுத்தார்கள். 2016இல் அதே கம்பெனி மேனுவல் கியர் மட்டும் உள்ள 911 ஆர் என்று 991 கார்கள் செய்தது, வாங்கியவர்கள் அதைப் பல மடங்கு விலைக்குக் கைமாற்றினார்கள். மறு வருஷமே ஜிடி3யில் மேனுவல் திரும்பி வந்தது. ஓட்டுபவர்கள் கேட்டது செகண்டில் பத்தில் ஒரு பங்கை அல்ல, கிளட்ச் மிதிக்கும் இடது காலுக்கு ஒரு வேலையை. இவ்வளவு பணம் போட்டவர்களுக்கே இது புரிய மூணு வருஷம் ஆகியிருக்கிறது.

என்னிடம் இருப்பது பழைய ஃபோர்டு ஃபியஸ்டா, 1.6 பெட்ரோல், 101 குதிரைத்திறன், மறைமலைநகரில் செய்தது. ஸ்டீயரிங் ஹைட்ராலிக், அதாவது பம்ப் தரும் எண்ணெய் அழுத்தத்தில் திரும்புவது. பம்பை இன்ஜின் எப்போதும் சுற்றிக்கொண்டே இருப்பதால் பெட்ரோல் வீண், அதனால்தான் எல்லோரும் மின்சார ஸ்டீயரிங்குக்கு மாறினார்கள். தானாக லேனில் நிற்கும் வசதிக்கும் அந்த மோட்டார் தேவை. நியாயம்தான். ஆனால் காரவள்ளி செக்போஸ்ட் தாண்டிக் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் காலை 6 மணிக்கு, பஸ் இறங்க ஆரம்பிக்கும் முன், செகண்ட் கியரில் ஏறிப் பாருங்கள். முன் டயர் மணலைத் தொட்டதும் உள்ளங்கையில் தெரியும். ஸ்டீயரிங் இலகுவாகிப் போனால் பிடி குறைகிறது என்று அர்த்தம், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும். வேகம் 40ஐத் தாண்டாது. வியர்த்துவிடும்.

ஒருமுறை இறங்கும்போது திமிராகத் தேர்டிலேயே பிரேக்கை மிதித்துக்கொண்டு வந்தேன். பாதி மலையில் கருகிய வாசனை, மிதி பஞ்சு மாதிரி உள்ளே போனது. ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் கல்லில் உட்கார்ந்திருந்தேன். ஏறின கியரிலேயே இறங்கு என்று லாரிக்காரர்கள் சொல்வதை அப்பாவும் நூறு தடவை சொல்லியிருக்கிறார். தப்பு முழுக்க என்னுடையது, வண்டி பாவம்.

டச் ஸ்கிரீன் பற்றிப் பேசினால் எனக்குக் கோபம் வரும், அதனால் சுருக்கமாக. 2022இல் ஸ்வீடனில் ஒரு பத்திரிகை 110 கிலோமீட்டர் வேகத்தில் ஏசி, ரேடியோ மாதிரி நாலு சில்லறை வேலைகளைச் செய்யச் சொல்லி நேரம் பார்த்தது. பட்டன் வைத்த 2005 வால்வோவில் 10 செகண்ட், மோசமான திரை வண்டியில் கிட்டத்தட்ட 45. அந்த 45 செகண்டில் 1.3 கிலோமீட்டருக்கு மேல் போய்விடுகிறோம். 2026 முதல் இண்டிகேட்டர், வைப்பர், ஹாரனுக்கெல்லாம் கையில் தட்டுப்படும் சுவிட்ச் இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப் முடிவு செய்திருக்கிறது. இதற்கு ஒரு விதி தேவைப்பட்டது பாருங்கள்!

மின்சாரக் கார் வேண்டாம் என்கிற ஆளும் இல்லை நான். ஊருக்குள் சிக்னலில் நின்று நின்று போக அதைவிடச் சுகம் கிடையாது. ஹூண்டாய் ஐயோனிக் 5 N என்ற மின்சாரக் காரில் இல்லாத கியரை இருப்பதுபோல நடிக்க வைத்து, ஸ்பீக்கரில் இன்ஜின் சத்தமும் போட்டிருக்கிறார்கள். முதலில் சிரித்தேன். இப்போது ஒருமுறை ஓட்டிப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

நம் ஊர் உதாரணம் வேண்டுமென்றால் கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீடுவே பந்தயத் தடத்துக்குப் போங்கள். அங்கே ஓடும் எல்ஜிபி ஃபார்முலா 4 பந்தயக் கார்களின் முதுகில் இருப்பது ஸ்விஃப்டின் 1.3 லிட்டர் இன்ஜின். மளிகை வாங்கப் போகிற வண்டியின் இன்ஜின்தான், சுற்றியிருக்கும் இரும்பு மட்டும் குறைவு.

அந்தப் பையன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொல்லிமலைக்கு வருகிறேன் என்றிருக்கிறான். பிரேக் பேட் புதுசாக மாற்றியாயிற்று. மேலே செம்மேட்டிலிருந்து அறப்பளீஸ்வரர் கோயில் வரை வேண்டுமானால் ஸ்டீயரிங்கைக் கொடுக்கலாம். இறங்கும்போது நான்தான்.