திருப்பதிசாரத்திலிருந்து ஜோஷிமத்துக்கு

பனிச்சறுக்கு கற்க வேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை; திருப்பிரிதியைச் சேவிக்க வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் வேண்டுதல். திருமங்கையாழ்வார் பாடிய அந்தத் திவ்யதேசத்தை உத்தராகண்டின் ஜோஷிமத் என்று வைணவர்கள் கொள்கிறார்கள் என்பதும், பனிச்சறுக்குக்குப் பெயர்பெற்ற ஔலி அதே ஊருக்கு மேலேதான் இருக்கிறது என்பதும் தெரிந்த அன்றே, விடுமுறைக்கு எங்கே போவது என்ற பேச்சு எங்கள் வீட்டில் முடிந்துவிட்டது. திருப்பதிசாரத்தில் திருவாழ்மார்பனை வணங்கிவிட்டு, பிப்ரவரி மாதத்தில் நாங்கள் ஐந்து பேரும் கிளம்பினோம்.

ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமத் ஏறத்தாழ 250 கிலோமீட்டர். விடியுமுன் ஏறிய வண்டி, அலகநந்தாவை ஒட்டியே வளைந்து வளைந்து சென்று, இருட்டும் வேளையில்தான் எங்களை இறக்கிவிட்டது. ஒரு குடும்பம் தங்கள் வீட்டின் மேல்தளத்தில் இரண்டு அறைகளை விருந்தினருக்கு விடுகிறது, அங்கே தங்கினோம். மறுநாள் காலையில் தலைக்குத் தேய்க்க அம்மா எடுத்த தேங்காய் எண்ணெய் புட்டிக்குள் மெழுகுபோல வெள்ளையாக இறுகிக் கிடந்தது. நாகர்கோவிலில் மார்கழியிலும் அது இப்படி உறைந்து அவர் பார்த்ததில்லை. அந்த வீட்டு அம்மாள் சிரித்துக்கொண்டே புட்டியை வாங்கி, வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி, உருகியதும் துணியில் துடைத்துக் கொடுத்தார். எங்கள் முந்திரிக்கொத்து டப்பா அன்றே அவர்கள் அடுக்களைக்குப் போய்விட்டது.

ஔலிக்குப் போக ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள ரோப்கார் ஒன்று உண்டு. 2023 ஜனவரியில் அது நிறுத்தப்பட்டுவிட்டதால், மலைச் சாலையில் ஜீப்பில் ஏறினோம். 2011-இல் முதலாவது தெற்காசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டிகளின் பனிச்சறுக்குப் பந்தயங்கள் நடந்த சரிவுகள் அவை. எதிரே 7,816 மீட்டர் உயர நந்தாதேவி ஒரு மேகமும் இல்லாமல் நின்றது.

வாடகைக்குக் கொடுத்த காலணி, முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை இறுக்கிப் பிடிக்கும் கெட்டியான பிளாஸ்டிக் ஓடு. கணுக்காலை அசையவே விடாது. உடலின் சாய்வு சிறிதும் வீணாகாமல் பலகையின் விளிம்புக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள் என்பது பலகையில் ஏறி நின்றபின்தான் விளங்கியது. பயிற்சியாளர் முதல் ஒரு மணி நேரத்தை விழுவதற்கும் எழுவதற்கும் மட்டுமே ஒதுக்கினார். விழும்போது பக்கவாட்டில் விழ வேண்டும். எழும்போது பலகைகளைச் சரிவுக்குக் குறுக்கே வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையெனில் எழுந்த கையோடு அவை நம்மை இழுத்துக்கொண்டு போகும். அதன்பின், முன்நுனிகளை நெருக்கிப் பின்பக்கத்தை அகற்றி, உள்விளிம்புகள் பனியில் பதியும்படி அழுத்தி நிற்கச் சொன்னார். தொடக்கக்காரருக்கு அதுதான் பிரேக். அச்சத்தில் உடல் பின்னால் சாய்கிறது, சாய்ந்தால் அந்தப் பிடி தளர்ந்து வேகம் கூடுகிறது. முழங்காலை மடக்கி முன்னால் சாயும் துணிவு என் மகளுக்கு அரை நாளில் வந்தது. எனக்கு மூன்றாம் நாள்தான் வந்தது.

சரிவின் அடியில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்த அம்மா, பேரன் இறங்கும்போதெல்லாம் "பைய வா மக்களே, பைய!" என்று குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார். தமிழ் அறியாத அந்தப் பயிற்சியாளர் இரண்டாம் நாள் மாலைக்குள் சொல்லின் பொருளைப் பிடித்துக்கொண்டு, தாமும் "பைய! பைய!" என்று சரிவெங்கும் கூவத் தொடங்கிவிட்டார்.

நான்காம் நாள் நரசிம்மர் கோயிலுக்குப் போனோம். ஆதிசங்கரர் வடக்கே மடம் நிறுவிய ஊர் இது. குளிர்காலத்தில் பத்ரிநாத் நடை அடைத்திருக்கும் மாதங்களில் வழிபாடு இந்தக் கோயிலுக்கு வந்துவிடுகிறது. நரசிம்மரின் இடது மணிக்கட்டு ஆண்டுக்காண்டு மெலிந்துவருவதாகவும், அது முறியும் நாளில் மலைகள் சரிந்து பத்ரிநாத்துக்கு வழி அடைபடும் என்றும் ஊரார் நம்புகிறார்கள். அம்மா சந்நிதியில் நெடுநேரம் நின்றார். வெளியே வந்தபின், "அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றார்.

திரும்பும் வழியில் பூட்டிக் கிடந்த சில வீடுகளின் சுவரில் சிவப்புப் பெருக்கல் குறிகளைக் கண்டோம். குடியிருக்கத் தகாதவை என்பதற்கான அடையாளம் அது. 2023 ஜனவரியில் இங்கே 800-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் விரிசல் கண்டன. பழைய நிலச்சரிவு கொண்டுவந்து குவித்த மண்ணின்மீதும் பாறைகளின்மீதும் அமைந்த ஊர் இது, பாறைகளைத் தோண்டியோ வெடிவைத்தோ அகற்றக்கூடாது, பெரிய கட்டுமானங்கள் ஆகாது என்று அரசு அமைத்த மிஸ்ரா குழு 1976-இலேயே எழுதிக் கொடுத்திருந்தது. எங்கள் மாவட்டத்தில் கண்ணெதிரே குன்றுகள் குவாரிகளாகிக் கரைவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த எச்சரிக்கையை அந்த ஊர்த் தெருவிலேயே நின்று எண்ணிப் பார்த்தபோது எனக்கு மனம் கனத்துப் போயிற்று.

நாங்கள் தங்கிய வீட்டிலும், மாடிப்படிக்குக் கீழே விரல் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல் இருந்தது. அதன் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சிமென்ட் வைத்து ஒட்டியிருந்தார்கள். சுவர் இன்னும் விலகினால் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுக்கும். தினமும் விளக்கேற்றும் முன் அதைத் தடவிப் பார்ப்பதாக அந்த அம்மாள் சொன்னார். ரோப்கார் நின்றபின் விருந்தினர் வரவு குறைந்துவிட்டது, ஆனாலும் இந்த வீட்டை விட்டுப் போகும் எண்ணம் இல்லை என்றார். ஔலிக்குப் போகிறவர்கள் சரிவை ஒட்டிய விடுதிகளை நாடாமல், ஊருக்குள் இத்தகைய வீடுகளில் தங்க வேண்டும் என்று நான் உளமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

ஊர் திரும்பிய பிறகும் அம்மாவும் அந்த வீட்டு அம்மாளும் பேச்சை விடவில்லை; இருவருக்கும் பொதுவான மொழி கிடையாது, என் மகள்தான் நடுவில் இருந்து பள்ளி இந்தியில் சொல்லிக் கொடுக்கிறாள். சென்ற வாரம் அம்மா கேட்கச் சொன்னது ஒரே கேள்விதான். கண்ணாடி அப்படியே இருக்கிறதாம்.